கேட்டவர் கொடுக்கும் இடத்துக்கு வந்தபோது

சென்ற ஆவணியில் ஒரு நாள் காலை, நூல்கயிற்றால் கட்டிய 42 விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. மதுரை மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையும் இரண்டு பள்ளிகளும் நடத்தும் அறக்கட்டளைக்காக 31 ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டவன் நான். கணக்கெழுதும் வேலையில் சேர்ந்து, நிதி திரட்டும் பொறுப்பை ஏற்று, கடைசிப் பத்தாண்டுகள் நிர்வாக இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றேன். மறு ஆண்டே, பிற நிறுவனங்களுக்கு நிதி வழங்கும் ஒரு குடும்ப அறக்கட்டளை தன் கொடைக் குழுவில் வந்து அமரும்படி அழைத்தது. அப்படி வந்த முதல் கட்டு அது. முதல் விண்ணப்பத்தைப் பிரித்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘தங்கள் மேலான உதவியை எதிர்நோக்கி’ என்று முடிந்திருந்த அந்தக் கடிதத்தை நான் என் வாழ்நாளில் ஆயிரம் முறையாவது எழுதியிருப்பேன். அப்படியொரு கடிதத்துக்குப் பதில் சொல்லும் இடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

எனக்கு முன்னால் இந்த வழியாக நடந்தவர் என்று நான் நெடுநாளாக மனத்தில் வைத்திருப்பது பிரெடரிக் டெய்லர் கேட்ஸ் என்ற அமெரிக்கரை. பெயர் ஒற்றுமையைத் தவிர மைக்ரோசாப்ட் கேட்ஸோடு அவருக்குத் தொடர்பில்லை. எண்ணெய் அதிபர் ஜான் டி. ராக்பெல்லரின் கொடைகளை ஏறக்குறைய 20 ஆண்டுகள் நிர்வகித்து, இன்று உலகெங்கும் பெரிய அறக்கட்டளைகள் நடக்கும் முறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் அவர். அதைச் செய்வதற்கு முன்னால் அவரும் என்னைப்போல வீட்டு வாசலில் நின்று பணம் கேட்டவர். கொடுக்கும் பணத்தை நன்றாகக் கொடுக்கத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் கேட்டுப் பழகியவர்களாகவே இருக்கிறார்கள் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. அதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கேட்ஸ் 1853இல் நியூயார்க் மாநிலத்தில் பாப்டிஸ்ட் என்ற கிறித்தவப் பிரிவின் போதகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். தாமும் சமயக் கல்வி பயின்று, 1880இல் மினியாபொலிஸ் நகரத்துச் சபை ஒன்றுக்குப் போதகரானார். அந்நகரத்தின் பெரிய மாவு ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் முன்னாள் மேயருமான ஜார்ஜ் பில்ஸ்பரி ஒரு நாள் அவரிடம் ஆலோசனை கேட்டார். ஓவடோன்னா என்ற ஊரில் பாப்டிஸ்டுகள் நடத்திய பள்ளிக்கு 2 லட்சம் டாலரை உயிலில் எழுதிவைக்க எண்ணியிருந்தார் அவர். இன்னொருவராக இருந்தால் கைகூப்பி வாங்கிக்கொண்டிருப்பார். கேட்ஸ் சொன்னது வேறு: இப்போது 50,000 டாலர் தருவதாக அறிவியுங்கள், ஆனால் மினசோட்டா மாநிலத்துப் பாப்டிஸ்டுகள் தங்களுக்குள் அதே அளவு தொகையைத் திரட்டினால்தான் தருவேன் என்று நிபந்தனை வையுங்கள், அவர்கள் திரட்டிக் காட்டினால் மீதி ஒன்றரை லட்சத்தை உயிலில் எழுதுங்கள். பணக்காரர் ஒருவரே முழுவதையும் கொடுத்துவிட்டால் அது அவர் வீட்டுப் பள்ளியாகிவிடும், ஊராருக்கு அதில் ஒட்டுறவு இருக்காது என்பது கேட்ஸின் கணக்கு. பில்ஸ்பரி ஒப்புக்கொண்டார். பணத்தைத் திரட்டும் பொறுப்பு கேட்ஸ் தலையிலேயே விழுந்தது. அவர் போதகர் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார், 50,000க்கு மேலேயே திரட்டினார். இன்று எங்கள் தொழிலில் மேட்சிங் கிராண்ட் என்று எல்லோரும் சொல்லும் முறை இதுதான். முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவர் என்று சொல்ல மாட்டேன்; அதன் உயிர் எங்கே இருக்கிறது என்பதை உணர்ந்து செய்தவர் அவர்.

இதை நான் எங்கள் ஊரில் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன். நூற்பாலை முதலாளி ஒருவர், தம் தாயார் நினைவாகப் பிரசவ வார்டு கட்ட 20 லட்சம் ரூபாய் தர முன்வந்தார். பில்ஸ்பரியின் கதையை அவரிடம் சொல்லி, 10 லட்சத்தை உடனே தருவதாகவும் மீதி 10 லட்சத்தைச் சுற்றுக் கிராமங்கள் ரூபாய்க்கு ரூபாய் திரட்டினால் மட்டுமே தருவதாகவும் எழுதித் தரச் சொன்னேன். எங்கள் அறங்காவலர்களில் இருவருக்கு இது பிடிக்கவே இல்லை. வந்த லட்சுமியை வாசலில் நிறுத்தி வைத்துப் பேரம் பேசுகிறாயே என்று கடிந்துகொண்டார்கள். 14 மாதங்கள் அலைந்தோம். மல்லிகை பயிரிடுகிறவர்கள் ஒரு நாள் பூ விற்ற பணத்தைக் கொடுத்தார்கள், டீக்கடைகளில் உண்டியல் வைத்தோம், பள்ளிக்கூட வாத்தியார்கள் மாதச் சம்பளத்திலிருந்து நூறும் இருநூறுமாகக் கழித்துக் கொடுத்தார்கள். பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்கும் அம்மாள் ஒருவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த 50 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, ரசீதில் தம் பெயரைப் போட வேண்டாம், மகள் பெயரைப் போடு என்றார். பேனாவை எடுத்து எந்த ஊர் என்று கேட்டேன். அவள் பிரசவத்தில் போய்விட்டாள், ஊர் எதற்கு என்றார். கார்பன் தாள் வைத்து எழுதிய அந்த ரசீதின் அடிக்கட்டு எங்கள் அலுவலகத்தில் இன்னும் இருக்கிறது.

வார்டு திறந்த ஓராண்டுக்குப் பிறகு அதே அம்மாள் ஒரு நாள் என் அறைக்கு வந்து, நம் ஆஸ்பத்திரியில் இரண்டாம் குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, யாரும் பார்க்கவில்லையா என்று சத்தம் போட்டார். நம் ஆஸ்பத்திரி என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் நான் 14 மாதங்கள் அலைந்தேன் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

1888இல் அமெரிக்கப் பாப்டிஸ்ட் கல்விச் சங்கத்தின் செயலாளராக கேட்ஸ் அமர்ந்தார். மூடிப்போன பழைய பல்கலைக்கழகத்தின் இடத்தில் சிகாகோவில் புதிதாக ஒரு கல்வி நிலையம் வேண்டும் என்று புள்ளிவிவரங்களோடு எழுதி, ராக்பெல்லரை ஒப்புக்கொள்ள வைத்தார். 1889 மே மாதம் ராக்பெல்லர் 6 லட்சம் டாலர் தருவதாக வாக்களித்தபோதும் நிபந்தனை உண்டு: மீதி 4 லட்சம் டாலரை ஓராண்டுக்குள் பிறரிடமிருந்து திரட்ட வேண்டும். கேட்ஸும் தாமஸ் குட்ஸ்பீட் என்ற போதகரும் அந்த ஓராண்டை நகரத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் கழித்தார்கள். பாப்டிஸ்டுகளிடமிருந்து மட்டும் வருவது போதவில்லை. பிற சபையினரும் வணிகர்களும் கொடுத்தார்கள், கடை அதிபர் மார்ஷல் ஃபீல்டு நிலம் கொடுத்தார். 1892இல் வகுப்புகள் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகம் அப்படிப் பிறந்தது.

அக்காலத்தில் நன்கொடை கேட்கப் போகிறவர்களுக்காக அவர் எழுதிவைத்த சில குறிப்புகள் உண்டு. கொடுக்கும் எண்ணம் ஒருவருக்குள் முளைத்துவிட்டது என்று தெரிந்தால் அவரை அவசரப்படுத்தக் கூடாது, தாமே கொடுக்கிறோம் என்று அவர் உணர வேண்டுமே தவிரத் தம்மிடமிருந்து பிடுங்குகிறார்கள் என்று உணரக் கூடாது என்பது ஒன்று. உயர்ந்த நோக்கத்தை மட்டுமே சொல்லிக் கேட்க வேண்டும், தாழ்ந்த நோக்கங்கள் அவர் மனத்தில் தாமாகவே தோன்றும், அவற்றை அவர் நினைத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது மற்றொன்று. வரிச்சலுகையைப் பற்றிய பேச்சை நான் எப்போதும் கடைசிக்கே வைத்ததற்கு இந்த இரண்டாவது குறிப்புதான் காரணம். வருமான வரிக் கணக்கில் கொடுத்த தொகையில் பாதி வரை விலக்கு கிடைக்கலாம் என்பதைக் கொடுக்கிறவரின் ஆடிட்டர் சொல்லிக்கொள்வார். அந்தப் பணத்தில் எந்தப் பிள்ளையின் கண் திறக்கும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

1891இல் ராக்பெல்லர் கேட்ஸை நியூயார்க்குக்கு அழைத்துத் தம்மிடம் வரும் வேண்டுகோள்களையெல்லாம் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். வீட்டிலும் தெருவிலும் தேவாலயத்திலும் உதவி கேட்டு மனிதர்கள் அவரைச் சூழ்ந்துகொண்ட காலம் அது. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. கேட்ஸ் அவற்றைப் படித்தார், விசாரித்தார், தேவைப்பட்டால் நேரில் போய்ப் பார்த்தார். தனித்தனிச் சபைகளும் போதகர்களும் ஆளுக்கொரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டிருந்த வழக்கத்தை நிறுத்தி, அந்தந்தத் துறையைக் கவனிக்கும் பெரிய சங்கங்கள் வழியாகவே கொடுப்பது என்று மாற்றினார். சில்லறையாகக் கொடுப்பதை விட்டு மொத்தமாகக் கொடுக்கும் முறை என்று இதைச் சொல்லலாம். நல்ல முறைதான், ஆனால் கடிதம் எழுதிய போதகர் ஒருவரின் ஓட்டுக்கூரை மழையில் ஒழுகுவது இந்த ஏற்பாட்டில் யார் காதுக்கும் எட்டாமல் போகும் அபாயமும் உண்டு. கேட்ஸுக்கு அது எட்டியது, ஏனென்றால் அவர் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர். அவருக்குப் பின்னால் அந்த நாற்காலியில் அமர்ந்த எல்லோரும் அப்படி இல்லை.

1905இல் நடந்த ஒன்றை மதுரைக்காரனாகிய நான் விட்டுவிட முடியாது. பாஸ்டன் நகரத்து அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்துக்கு ராக்பெல்லர் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். 1834இல் மதுரை மிஷனைத் தொடங்கிய அதே சங்கம் அது. என் தாயார் பிறந்த ஆஸ்பத்திரி அந்த மிஷன் வைத்தது. வாஷிங்டன் கிளாடன் முதலான போதகர்கள் இது கறைபடிந்த பணம், வாங்கக் கூடாது என்று குரல் எழுப்பினார்கள். ராக்பெல்லர் தம் பெயரைக் கழுவிக்கொள்வதற்காக வலியப் போய்க் கொடுத்த பணம் என்றே ஊரெங்கும் பேச்சு. உண்மையில் சங்கத்தின் நிர்வாகிகளே நெடுநாள் நடையாய் நடந்து கேட்டு வாங்கியது அது. எதிர்ப்பு எழுந்ததும் அவர்கள் வாய் திறக்கவில்லை. கேட்ஸ் விடவில்லை, கேட்டவர்கள் நீங்கள், அதை வெளியே சொல்லுங்கள் என்று வற்புறுத்திச் சொல்ல வைத்தார்.

கறைபடிந்த பணம் என்ற கேள்வி சாதாரணமானதல்ல. கிளாடனின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆற்றில் சாயக்கழிவு விட்ட ஆலையின் நன்கொடையை நாங்கள் ஒருமுறை வேண்டாம் என்று திருப்பியிருக்கிறோம். ஆனால் வாங்குவதானாலும் திருப்புவதானாலும், யார் யாரிடம் எந்தத் தேதியில் கேட்டார்கள் என்பது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இருக்க வேண்டும். கேட்டதற்கு வெட்கப்படுகிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான்.

கொடுக்கும் பக்கத்தில் கேட்ஸ் செய்த பெரிய காரியம் ஒரு கோடைக்காலப் படிப்பிலிருந்து வந்தது. வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் எழுதிய பாடநூலை 1897இல், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நோய்களை அடையாளம் காண மருத்துவர்களுக்குத் தெரிகிறது, உண்மையாகக் குணப்படுத்தத் தெரிந்த நோய்களோ விரல்விட்டு எண்ணக் கூடியவை என்பது அவரை உலுக்கியது. 1901இல் ராக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது அதன் விளைவு. அடுத்து, 1909இல் அமெரிக்கத் தென் மாநிலங்களின் கொக்கிப்புழு நோயை எதிர்த்து 10 லட்சம் டாலரில் ஓர் ஆணையம். அங்கும் அந்தந்த ஊர் நிர்வாகம் தன் பங்குக்குக் கொஞ்சமாவது போட்டால்தான் மருந்தகம் திறக்கும் என்ற பழைய வழக்கத்தைக் காணலாம். 1913இல் பிறந்த ராக்பெல்லர் அறக்கட்டளை இந்த வேலையைக் கடல் கடந்து கொண்டுபோனது. 1920களில் சென்னை மாகாணத்திலும் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை அதன் உதவியோடு நடந்தது.

நிபந்தனைக் கொடையின் இன்னொரு விழுது வேலூரில் இறங்கியிருக்கிறது. 1918இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை வேலூரில் தொடங்கினார். அந்தப் பள்ளிக்கும், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி உட்பட இந்தியா, சீனா, ஜப்பான் நாடுகளிலிருந்த மற்ற ஆறு மகளிர் கல்லூரிகளுக்கும் சேர்த்துக் கட்டட நிதி தேவைப்பட்டது. ராக்பெல்லர் தம் மனைவி லாரா ஸ்பெல்மனின் நினைவாக ஏற்படுத்திய நிதியம் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது; பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால்தான் என்று நிபந்தனை வைத்தது. லூசி பீபடி என்பவர் தலைமையில் அமெரிக்கச் சபைப் பெண்கள், ஆளுக்கு ஒரு டாலர் என்று நாள் குறித்துக்கூடத் திரட்டி, 1923க்குள் அந்தத் தொகையை எட்டினார்கள். வேலூரின் செங்கல்லைப் பார்க்கும்போது ராக்பெல்லர் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. சமையல் செலவில் மிச்சம் பிடித்து ஒரு டாலரை அனுப்பிய, பெயர் தெரியாத அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நிபந்தனை வைத்தவர் அவர்களுக்கு ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தார்.

இன்று வரும் நிபந்தனைகள் வேறு வகை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. சி.எஸ்.ஆர். என்ற இந்தப் பணம் எங்களைப் போன்றோருக்குப் பெரிய கதவைத் திறந்தது என்பதை நன்றியோடு சொல்வேன். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் வைக்கும் நிபந்தனை, மார்ச் 31க்குள் செலவழித்துப் படத்தோடு கணக்குக் கொடு என்பதுதான். சட்டம் மூன்றாண்டு வரை தொடரும் திட்டங்களுக்கு இடம் கொடுத்தாலும், அதைப் பயன்படுத்த மனம் வருகிறவர்கள் சிலரே. ஒரு ஜனவரியில் ஒரு நிறுவனம் எங்களுக்கு ஐந்து டயாலிசிஸ் இயந்திரங்களுக்கான பணத்தைக் கொடுத்தது. இயக்கத் தெரிந்தவருக்கான சம்பளத்தையும் கேட்டேன். சம்பளத்துக்குத் தருவதில்லை என்றார்கள். மறுத்திருக்க வேண்டும். கையொப்பமிட்டேன். எட்டு மாதங்கள் அந்த இயந்திரங்கள் துணி போர்த்தி நின்றன. வாரம் இரண்டு நாள் திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போய்வந்த நோயாளிகள், கண்ணாடிக் கதவு வழியாக அவற்றைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்தக் குற்றத்தில் என் பங்கை நான் யார்மீதும் தள்ளவில்லை. நன்கொடை கேட்கிறவன் மறுக்கத் தெரியாதவனாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த எட்டு மாதங்களும் எனக்குக் காட்டின.

கேட்ஸைக் குறையில்லாதவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கொலராடோவின் நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தில் ராக்பெல்லர் பணம் போட்டதற்கு அவர் முக்கியக் காரணமாக இருந்தார். 1914 ஏப்ரலில் லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் கூடார முகாம் எரிக்கப்பட்டு, பதுங்குகுழியில் 2 பெண்களும் 11 குழந்தைகளும் இறந்தபோதும் அவர் தொழிலாளர் பக்கம் சாயவில்லை. ஒரு கையால் கோடி கோடியாகக் கொடுக்கும் பணம் இன்னொரு கைக்கு எங்கிருந்து வருகிறது என்பதை அவர் கேட்காமல் விட்டார். பிறருடைய பணத்தை நிர்வகிக்கிறவர்களுக்கு எளிதில் வரக்கூடிய கண்மறைவு இது.

ஆனாலும் 1923இல் ராக்பெல்லர் அறக்கட்டளையிலிருந்து விடைபெற்றபோது அவர் பேசியதை நான் மறக்க மாட்டேன். நரைத்த தலையோடு எழுந்து நின்று, நீங்கள் இறந்து கடவுள் முன் நிற்கும்போது உங்கள் சின்னச் சின்னத் தவறுகளையும் நற்குணங்களையும் அவர் விசாரிக்கப் போவதில்லை, இந்த அறக்கட்டளையின் அறங்காவலராக இருந்து என்ன செய்தாய் என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்பார் என்று சக அறங்காவலர்களிடம் முழங்கினாராம். ஆறு ஆண்டுகளில் அவர் காலமானார்.

அந்த 42 விண்ணப்பங்களுக்கு வருகிறேன். பதினேழாவதாக இருந்தது, தீராத நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் ஒரு சிறிய அமைப்பின் விண்ணப்பம். இரண்டு செவிலியர்களுக்கு மூன்றாண்டுச் சம்பளம் கேட்டிருந்தார்கள். சம்பளத்துக்குத் தருவது வழக்கமில்லை என்று குழுவில் பேச்சு வந்தது. டயாலிசிஸ் இயந்திரங்களின் கதையை நான் சொன்னேன். முதலாண்டு முழுச் சம்பளம், இரண்டாம் ஆண்டு மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் ஆண்டு மூன்றில் ஒரு பங்கு, குறைவதை ஊர் போட வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு நான்கு கூட்டங்களுக்குப் பிறகு ஒப்புதல் கிடைத்தது.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் அந்த அமைப்பை நடத்தும் பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். மகிழ்ச்சியைவிடப் பயம்தான் குரலில் அதிகம். “ஐயா, நோயாளிகளைப் பார்க்கத்தான் எனக்குத் தெரியும். ஊர்க்காரங்ககிட்டப் போய் எப்படிக் கேக்கிறது?” என்றார். ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுங்கள், தாளுக்கு எண் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஊர்ப் பெரிய மனிதர் வீட்டில் தொடங்காதீர்கள், உங்கள் செவிலியர் ஏற்கெனவே போய்வந்த வீடு ஒன்றில் தொடங்குங்கள் என்றேன். புத்தகம் வந்துவிட்டது என்று நேற்றுச் சொன்னார். வருகிற வியாழக்கிழமை காலை ஆறே முக்கால் பேருந்தில் நான் அங்கே போகிறேன்; முதல் பத்து வீடுகளுக்கு அவரோடு நானும் நடப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.